க்ரைம் சீரியலில் வரும் தப்புகள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீல். 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் இரவு டிவியில் க்ரைம் தொடர் ஓடும்போது, கொலை நடந்ததும் எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்பும். "நிஜமாவே இப்படித்தானா?" மறுநாள் காலை அதே கேள்வியை ஜூனியர் கேட்பார், கட்சிக்காரர் கேட்பார், சில நாள் கதை விவாதத்தில் உட்கார்ந்திருக்கும் உதவி இயக்குநர்கூட போன் போட்டுக் கேட்பார். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பக்கம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

கன்டினியூட்டி தப்புன்னா என்ன, தகவல் தப்புன்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. முதல் ஷாட்டில் இன்ஸ்பெக்டரின் வலது கையில் கட்டு, அடுத்த ஷாட்டில் இடது கையில் கட்டு என்றால் அது கன்டினியூட்டி தப்பு. கதை தன்னோடு தானே முரண்படுகிறது. அதைக் கண்டுபிடிக்கச் சட்டமும் மருத்துவமும் தெரிந்திருக்க வேண்டாம், கண் இருந்தால் போதும்.

தகவல் தப்பு வேறு மாதிரி. காட்சிக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஆனால் வெளியுலகத்தில் அப்படி நடக்காது. மாஜிஸ்திரேட் தூக்குத் தண்டனை கொடுப்பது ஒரு உதாரணம். பார்ப்பவருக்கு உறுத்தாது, அப்படியே நம்பிவிடுவார். எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது வகைதான்.

செட்ல அத்தனை பேர் நிக்கறாங்க. ஒருத்தர் கண்ணுலகூடப் படலையா?

படும். ஆனால் காட்சிகளைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தால், பல எபிசோடுகளில் அந்த வீட்டில் நடக்க வேண்டிய காட்சிகளைச் சேர்த்து எடுத்துவிடுவார்கள். ஒரு நடிகரின் கால்ஷீட் இன்றைக்குத்தான் என்றால் அவர் முகம் தெரியும் ஷாட்டெல்லாம் இன்றைக்கு, எதிரில் நிற்பவரின் ஷாட் அடுத்த வாரம். நடுவில் முடி வெட்டியிருப்பார், நகப்பூச்சு மாறியிருக்கும், பின்னாலிருக்கும் சுவர்க் கடிகாரம் பாட்டுக்கு ஓடியிருக்கும்.

ஒரு முறை படப்பிடிப்பு ஒன்றில் சட்ட ஆலோசனைக்காக உட்கார்ந்திருந்தேன். விசாரணைக் காட்சி, மேஜை மேல் ஒரு டீ கிளாஸ். கன்டினியூட்டி பார்க்கும் பெண் கையில் நோட்டுடன் உட்கார்ந்து, கிளாஸில் டீ எந்த மட்டத்தில் இருக்கிறது, எந்த வசனத்தில் எடுத்தார், எந்தக் கையால் எடுத்தார் என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் செல்போனில் போட்டோ. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்ட் அசிஸ்டென்ட் புது டீயை விளிம்பு வரை ஊற்றி வைத்துவிட்டார். அந்தப் பெண் ஓடிப்போய் பாதியைக் கொட்டிவிட்டு வந்தார். அவர் அன்றைக்கு லீவு போட்டிருந்தால், குடித்த டீ தானாக நிரம்பியிருக்கும்.

இந்தியில் 1998 முதல் 2018 வரை ஓடிய சிஐடி தொடர், 2004ல் 111 நிமிட எபிசோடு ஒன்றை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தது. வெட்டு இல்லாவிட்டால் இந்த வகைத் தப்புக்கு இடமே இல்லை. தினமும் அரை மணி நேரம் கொடுக்க வேண்டிய சீரியலுக்கு அது கட்டுப்படியாகாது.

'இவருக்குப் பதில் இவர்'னு போடறாங்களே, அதுவும் தப்புக் கணக்குல வருமா?

வராது. முகம் மாறிவிட்டது என்று பார்ப்பவரிடம் நேர்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆள் மாறியதோடு சேர்த்து அவர் தழும்பையும் மறந்துவிட்டால் அதுதான் தப்பு. போன மாதம் அந்தத் தழும்பை வைத்துத்தானே அடையாளம் காட்டினார்கள்?

வீட்ல ஒருத்தரைக் காணோம்னா 24 மணி நேரம் கழிச்சுத்தான் கம்ப்ளைண்ட் எடுப்பாங்களாமே?

இது முழுப் பொய். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அப்படிக் காத்திருக்கச் சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. தெரிந்த நிமிடமே ஸ்டேஷனுக்குப் போகலாம். காணாமல் போனது குழந்தை என்றால், கடத்தலாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு எஃப்ஐஆர் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013ல் சொல்லிவிட்டது. அதே ஆண்டு லலிதா குமாரி வழக்கில், வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்ஐஆர் பதிவது கட்டாயம் என்றும் தீர்ப்பு வந்தது. "எங்க லிமிட்ல வராது" என்று திருப்பி அனுப்பவும் கூடாது. எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய இடத்துக்கு அனுப்பலாம்.

என்னிடம் வந்த ஒரு தாய், மகள் மாலை டியூஷனிலிருந்து திரும்பாத நிலையில் மறுநாள் மாலை வரை வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "24 மணி நேரம் ஆகணும்ல சார், டிவியில அப்படித்தானே சொல்றாங்க" என்றார். அந்தப் பெண் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டாள். ஆனால் முதல் சில மணி நேரத்தில்தான் போன் உயிரோடு இருக்கும், பஸ் ஸ்டாண்டில் பார்த்தவருக்கு ஞாபகம் இருக்கும், கடைக்காரரின் கேமரா பதிவு அழியாமல் இருக்கும். ஒரு வசனம் அந்த நேரத்தையெல்லாம் தின்றுவிட்டது.

அப்போ இந்த 24 மணி நேரக் கணக்கு எங்கிருந்துதான் வந்துச்சு?

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22வது பிரிவு சொல்கிறது. பயண நேரம் அதில் சேராது. வெளிநாட்டுத் தொடர்களிலும் காணாமல் போனவருக்கு ஒரு நாள் காத்திருக்கச் சொல்லும் வசனம் வரும். அதுவும் இதுவும் கலந்து நம் மக்கள் மனதில் இப்படி உட்கார்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

போலீஸ் தோள்ல மூணு ஸ்டார் இருந்தா இன்ஸ்பெக்டரா, டிஎஸ்பியா?

ரிப்பனைப் பாருங்கள். எஸ்ஐக்கு இரண்டு ஸ்டார், இன்ஸ்பெக்டருக்கு மூன்று ஸ்டார், இரண்டு பேருக்கும் தோள்பட்டையின் ஓரத்தில் சிவப்பு நீல ரிப்பன் இருக்கும். டிஎஸ்பிக்கும் மூன்று ஸ்டார்தான், ரிப்பன் கிடையாது. எஸ்பிக்கு அசோகச் சின்னமும் ஒரு ஸ்டாரும். சீரியலில் ரிப்பனோடு நிற்பவரை "டிஎஸ்பி சார்" என்று கூப்பிடுவார்கள், அதே ஆள் அடுத்த காட்சியில் ரிப்பன் இல்லாமல் வருவார். தகவல் தப்பும் கன்டினியூட்டி தப்பும் ஒரே சட்டையில்.

ஜீப்பையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் அரசு வண்டிகளின் நம்பரில் ஜி என்ற எழுத்து வரும். சாதாரணத் தனியார் நம்பரோடு ஒரு போலீஸ் ஜீப் சைரன் போட்டுக்கொண்டு வந்தால், அது வாடகை வண்டி.

டாக்டர் பிணத்தைப் பார்த்ததுமே 'நேத்து ராத்திரி பத்தேகாலுக்கு இறந்திருக்கார்'னு சொல்றாரே, முடியுமா?

முடியாது. நம் ஊரில் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் வரும் வாசகம், "பரிசோதனைக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன்பு இறந்திருக்கலாம்" என்கிற மாதிரி இருக்கும். அவ்வளவு அகலமான இடைவெளியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் குறுக்கு விசாரணையில் மல்லுக்கட்டுகிறோம்.

டாக்டர் பார்ப்பது மூன்று விஷயம்: உடல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, விறைப்பு எங்கே வரை வந்திருக்கிறது, ரத்தம் எந்தப் பக்கம் தேங்கித் தோலில் நிறம் மாறியிருக்கிறது. இதோடு இரைப்பையில் இருக்கும் உணவையும் சேர்த்துப் பார்ப்பார். உடல் குளிரும் கணக்கெல்லாம் குளிர் நாட்டில் போட்டது. மே மாதம் வேலூரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் வெப்பம் 38 டிகிரி என்று வையுங்கள். உயிருள்ள உடம்பின் வெப்பமே சுமார் 37 டிகிரிதான். அங்கே சடலம் எப்படிக் குளிரும்? விறைப்பும் வெயில் காலத்தில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். ஒல்லியானவர், பருமனானவர், சாகும் முன் ஓடியவர், காய்ச்சலோடு இருந்தவர் என்று ஆளுக்கு ஆள் மாறும். நிமிடக் கணக்கில் நேரம் சொல்ல வேண்டுமென்றால் டாக்டரை விட்டுவிட்டு, இறந்தவரின் கடைசி போன் அழைப்பையும் பக்கத்துக் கடைக் கேமராவையும் பார்க்க வேண்டும்.

ராத்திரியில, ஒரே ஒரு பல்பு வெளிச்சத்துல போஸ்ட்மார்ட்டம் பண்றாங்களே?

சூரியன் மறைந்த பிறகு பிரேதப் பரிசோதனை கூடாது என்பது வெகுகாலம் இருந்த நடைமுறை. மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அதைத் தளர்த்தியது. வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம், உறுப்பு தானம் தாமதமாகக் கூடாது என்பது முக்கியமான காரணம். ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய சடலம், சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு அந்தத் தளர்வு பொருந்தாது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை மாதிரி சூழ்நிலை இருந்தால்தான் விலக்கு. க்ரைம் தொடரில் வருவது பெரும்பாலும் கொலைதான். ஆகவே காலையில் எடுங்கள்.

கைக்குட்டையை மூக்குல வெச்சதும் மயங்கிடறாங்க, துப்பாக்கில சைலன்சர் போட்டா சத்தமே வர்றதில்ல. இதெல்லாம்?

குளோரோஃபார்ம் மயக்கத்துக்கு நிமிடங்கள் ஆகும், அதுவரை விடாமல் மூக்கில் வைத்திருக்க வேண்டும். ஆள் சும்மா இருக்க மாட்டார். அளவு தப்பினால் உயிரே போகும். சைலன்சர் சத்தத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிடுவார். அதையும் ரிவால்வரில் மாட்டுவது இன்னொரு தப்பு. சுழலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகவே சத்தம் வெளியே வந்துவிடும்.

லேப்ல அரை மணி நேரத்துல டிஎன்ஏ ரிசல்ட் வருது. கைரேகையைப் போட்டதும் கம்ப்யூட்டர் போட்டோவோட ஆளைக் காட்டுது. நிஜமா எவ்வளவு நாள் ஆகும்?

வாரக் கணக்கு, பல சமயம் மாதக் கணக்கு. சோதனையே நீளம் என்பதால் மட்டும் இல்லை. பொருளைக் கைப்பற்றி, சீல் வைத்து, கோர்ட் மூலமாக ஆய்வகத்துக்கு அனுப்பி, அங்கே ஏற்கெனவே காத்திருக்கும் வழக்குகளின் வரிசையில் நிற்க வேண்டும். விஷம் கொடுத்த வழக்கில் உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த அறிக்கை வரும்வரை டாக்டர் இறுதிக் கருத்தை நிறுத்தி வைப்பார். சீரியலில் டாக்டர் வாயை முகர்ந்து பார்த்து விஷத்தின் பெயரைச் சொல்கிறார். கைரேகையில் கம்ப்யூட்டர் ஒத்துப்போகக்கூடிய சிலரைத்தான் வரிசைப்படுத்திக் கொடுக்கும். கோடு கோடாக ஒப்பிட்டு இவர்தான் என்று சொல்வது நிபுணர். அதுவும் அந்த ஆளின் ரேகை ஏற்கெனவே பதிவில் இருந்தால்தான்.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் நம் பக்கத்துக்குப் பெரிய பாரம்பரியம் இருக்கிறது. நாட்டின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849ல் தொடங்கியது நம் சென்னையில்தான். 1952ல் இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் மானாமதுரையில் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. இரண்டையும் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ராணுவப் பதிவிலிருந்த கைரேகையோடு உடலின் ரேகை ஒத்துப்போனது, அது ஆளவந்தார் என்று உறுதியானது. கம்ப்யூட்டர் இல்லை, டிஎன்ஏ இல்லை. பொறுமையாக, ஒரு ரேகை ஒரு ரேகையாக. அதை அப்படியே காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சிசிடிவியில மங்கலாத் தெரியற நம்பர் பிளேட்டை ஜூம் பண்ணித் தெளிவாக்கறாங்க. போனை 30 செகண்ட் பேச வெச்சு ட்ரேஸ் பண்றாங்க...

கேமராவில் பதிவாகாததை எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது. ஒரு நம்பர் பிளேட் மொத்தமே நாலைந்து புள்ளியாகப் பதிவாகியிருந்தால், எவ்வளவு பெரிதாக்கினாலும் பெரிய புள்ளிதான் தெரியும். ஆனால் பதிவானது பதிவானதுதான். 1991ல் ஸ்ரீபெரும்புதூரில் குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா தப்பியது. அந்தச் சுருளில் இருந்த சில படங்களே விசாரணைக்கு வழி காட்டின.

போன் விஷயத்தில் 30 விநாடிக் கணக்கு, எக்ஸ்சேஞ்சில் ஆள் உட்கார்ந்து இணைப்பைத் தேடிய காலத்தது. இப்போது அழைப்பு வந்த நொடியே எந்த டவர் என்று பதிவாகிவிடும், பேச்சை இழுக்கத் தேவையில்லை. ஆனால் டவர் காட்டுவது ஒரு வட்டாரத்தை. கிராமத்தில் அது சில கிலோமீட்டர்கூட இருக்கும். "மூணாவது மாடி, இடது பக்க ரூம்" என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

போலீஸ்கிட்ட 'நான்தான் கொன்னேன்'னு ஒத்துக்கிட்டா கேஸ் முடிஞ்சது இல்லையா?

கேஸ் அங்கேதான் ஆரம்பிக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகச் சாட்சியமாக வைக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25வது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23வது பிரிவு. அடித்து வாங்கும் வாக்குமூலத்தால் யாரும் தண்டனை பெறக் கூடாது என்பதற்காக வைத்த வேலி அது. கடைசி எபிசோடில் வில்லன் இன்ஸ்பெக்டர் முன் உட்கார்ந்து பத்து நிமிடம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்போது, அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு வரிகூட கோர்ட்டில் நிற்காது என்பதுதான் உண்மை.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. "அரிவாளை அந்தக் கிணற்றுக்குள் போட்டேன், அழைத்துப் போனால் எடுத்துக் கொடுக்கிறேன்" என்று சொல்லி, அங்கே அரிவாள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிசெய்த பகுதி மட்டும் சாட்சியமாகும். அதனால்தான் நிஜ வழக்கில் கிணற்றடிக்குப் போகும்போது விஏஓவோ வேறு சாட்சியோ கூட நிற்பார், என்ன பொருள் எங்கே கிடைத்தது என்று மகஜர் எழுதுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். பிறகு கோர்ட்டில் அந்தச் சாட்சி "போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சு வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க" என்று பிறழ் சாட்சியாகிவிட்டால் மொத்தமும் ஆடிப்போகும். சட்டப்படி செல்லும் வாக்குமூலம் வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். அவர் முதலில் "நீ கட்டாயம் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படலாம்" என்று எச்சரித்து, தானாக முன்வந்துதான் சொல்கிறாரா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே எழுதுவார்.

அப்போ உண்மை கண்டறியும் சோதனை பண்ணிட வேண்டியதுதானே?

சம்மதம் இல்லாமல் பண்ண முடியாது. மருந்து கொடுத்துப் பேச வைக்கும் நார்கோ, பொய் கண்டறியும் கருவி, மூளை வரைபடச் சோதனை மூன்றையும் கட்டாயப்படுத்திச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010ல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. சம்மதத்தோடு செய்தாலும் அதில் சொன்னது அப்படியே சாட்சியமாகாது. அதன் மூலம் ஏதாவது பொருள் கிடைத்தால், முந்தைய பதிலில் சொன்ன கிணற்றுக் கணக்குதான்.

கைது பண்ணும்போது 'உனக்குப் பேசாம இருக்க உரிமை உண்டு'ன்னு சொல்லணுமா?

டப்பிங் தொடரில் அமெரிக்க போலீஸ் சொன்னால் சரி. அங்கே 1966ல் வந்த மிராண்டா தீர்ப்பிலிருந்து அது வழக்கம். அதே வாசகத்தைச் சென்னை இன்ஸ்பெக்டர் வாயில் வைத்தால் தப்பு. இங்கே அப்படி ஒப்பிக்கும் சடங்கு இல்லை.

அதற்காக உரிமையே இல்லை என்று ஆகிவிடாது. தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியல் சாசனத்தின் 20வது பிரிவு சொல்கிறது. எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சி கையெழுத்து வேண்டும், குடும்பத்தில் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைகள் இவை. மனைவிக்குப் போன் போகும் அந்தக் காட்சியைச் சீரியல்கள் ஏன் விட்டுவிடுகின்றன என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அழுத்தமான காட்சி அது.

கோர்ட்ல ஜட்ஜ் சுத்தியல் தட்டறதும், பகவத் கீதை மேல சத்தியம் வாங்கறதும்?

இரண்டும் கிடையாது. 20 வருடத்தில் ஒரு நீதிபதி மேஜையிலும் நான் சுத்தியலைப் பார்த்ததில்லை. சத்தம் அதிகமானால் நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். சாட்சியின் பெயரை வாசலில் நின்று டவாலி மூன்று முறை கூப்பிடும் குரல்தான் எங்கள் கோர்ட்டின் உண்மையான சத்தம். உறுதிமொழிச் சட்டம் 1969ன்படி, கடவுளின் பெயரால் சொல்லலாம், அல்லது மனசாட்சிப்படி உறுதி கூறலாம். எந்தப் புத்தகத்தின் மேலும் கை வைக்க வேண்டியதில்லை.

கடைசி நிமிஷத்துல கதவைத் திறந்துக்கிட்டு ஒரு சாட்சி வர்றார், கையில பென் டிரைவ். அது செல்லுமா?

சாட்சிப் பட்டியல் குற்றப்பத்திரிகையோடே வந்துவிடும், எதிர்த்தரப்புக்கு நகல் கிடைத்துவிடும். பட்டியலில் இல்லாதவரை நீதி கருதி எந்தக் கட்டத்திலும் அழைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கு மனு போட வேண்டும், எதிர்த்தரப்பு பதில் சொல்லும், நீதிபதி உத்தரவு போடுவார், குறுக்கு விசாரணைக்கு அவகாசம் கொடுப்பார். கதவைத் திறந்ததும் கூண்டில் ஏறுவதெல்லாம் இல்லை.

பென் டிரைவ் அதைவிடச் சிக்கல். மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் 65பி, இப்போது 63வது பிரிவு. கருவி யார் பொறுப்பில் இருந்தது, பதிவு எப்படி எடுக்கப்பட்டது, பிறகு மாற்றப்படவில்லை என்பதற்கான ஹாஷ் எண் எல்லாம் அதில் வர வேண்டும். சான்றிதழ் இல்லாமல் வந்தால், கொலையே தெளிவாகத் தெரிந்தாலும் நான் எழுந்து ஆட்சேபம் சொல்வேன். சொல்ல வேண்டியது என் கடமை.

மாஜிஸ்திரேட் கோர்ட்ல தூக்குத் தண்டனை கொடுத்தாங்க, பார்த்தேன்.

முதல் பதிலில் சொன்ன உதாரணம் இதுதான். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் அதிகபட்சம் 3 வருடம்தான் தண்டனை கொடுக்க முடியும். கொலை வழக்கை செஷன்ஸ் கோர்ட் நடத்தும். அங்கே தூக்கு விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது.

இப்பவும் சீரியல்ல '302ல உள்ள தள்ளிடுவேன்'னு சொல்றாங்க. அது மாறிடுச்சே, தப்புதானே?

கதை எப்போது நடக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 போய் 103, கொலை முயற்சிக்கு 307 போய் 109, மோசடிக்கு 420 போய் 318. அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த கொலைக்கு 302 என்று எஃப்ஐஆர் எழுதினால் தப்பு.

2023ல் நடந்த கொலை, 2025ல் எலும்புக்கூடு கிடைத்து எஃப்ஐஆர் போடுகிறார்கள் என்று கதை வைத்தால், குற்றப் பிரிவு 302தான். குற்றம் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதுதான் பொருந்தும். விசாரணை நடைமுறை மட்டும் புதுச் சட்டப்படி நடக்கும். ஆகவே அந்த இன்ஸ்பெக்டர் 302 என்று சொல்வதும் சரி, தேடுதலை வீடியோ எடுப்பதும் சரி. இதைச் சரியாக எழுதிய ஒரு வசனகர்த்தாவை, தப்பாக எழுதிவிட்டார் என்று பலர் திட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவருக்காகத்தான் இந்தப் பதில்.

பழைய மெட்ராஸ்ல நடக்கற கதைல ஜூரி உட்கார்ந்திருந்தாங்க. நம்ம ஊர்ல ஏது ஜூரி?

இருந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் 1945ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரித்தபோது, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிதான் உட்கார்ந்திருந்தது. பிறகு பிரிவி கவுன்சில் வரை போய், 1947ல் இருவரும் விடுதலையானார்கள். 1973ல் இயற்றப்பட்டு 1974 ஏப்ரலில் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லை. ஆக 1945 கதையில் ஜூரி இருந்தால் இயக்குநர் படித்திருக்கிறார். 1985 கதையில் இருந்தால் படிக்கவில்லை.

இவ்வளவும் சரியா எடுத்தா விறுவிறுப்பு போயிடாதா சார்?

உதவி இயக்குநர்கள் எல்லாரும் கடைசியாகக் கேட்பது இதுதான். நான் ஒரே ஒரு காட்சியைச் சொல்வேன். கொலை வழக்கில் எஃப்ஐஆர் போட்டதும் அதைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். எக்ஸ்பிரஸ் எஃப்ஐஆர் என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். ராத்திரி என்றாலும் ஒரு கான்ஸ்டபிள் எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் வீட்டுக்கே போவார்.

எஃப்ஐஆரில் இரவு 10 மணிக்குப் பதிவு என்று இருக்கும். ஸ்டேஷனிலிருந்து மாஜிஸ்திரேட் வீடு 4 கிலோமீட்டர். கான்ஸ்டபிள் கதவைத் தட்டுகிறார், மழை, பைக் சக்கரத்தில் சேறு. மாஜிஸ்திரேட் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தாளை வாங்கிப் பார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே நேரத்தை எழுதுகிறார்: காலை 5.40. இரண்டு வருடம் கழித்து நான் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, அந்தத் தாளை கான்ஸ்டபிளிடம் நீட்டி, "4 கிலோமீட்டர் போக 7 மணி 40 நிமிஷமா? அதுவரைக்கும் ஸ்டேஷன்ல உட்கார்ந்து யார் யார் பேரைச் சேர்த்தீங்க?" என்று கேட்பேன். கோர்ட்டில் அப்போது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.